அமிலாய்டு இதய நோய் ஆய்வில் இருப்பவர் நடுவில் வேறு மருந்துக்கு மாறலாமா?

அமெரிக்காவில் இருக்கும் உங்கள் மாமனார் டிரான்ஸ்தைரெட்டின் அமிலாய்டு இதய நோய்க்கான மருந்து ஆய்வில் சேர்ந்திருக்கிறார், இப்போது கடையில் கிடைக்கும் புது மருந்துக்கு மாறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அங்கே ஓர் இதயநோய்ப் பிரிவில் இத்தகைய ஆய்வுகளை ஒருங்கிணைப்பதுதான் என் வேலை.

மாறலாம். காரணம் சொல்லாமலேகூட எந்த நாளிலும் விலகலாம். அவர் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்திலேயே அது இருக்கும். ஆனால் மாத்திரையை நிறுத்திவிட்டு அப்புறம் ஆய்வு நடத்துபவர்களுக்குப் போன் செய்யாதீர்கள். முதலில் போன், பிறகு மற்றதெல்லாம்.

உங்கள் பதற்றம் நியாயமானது. டிரான்ஸ்தைரெட்டின் என்பது ஈரலில் உருவாகும் ஒரு புரதம், நான்கு துண்டுகள் கூடியது. அது பிரிந்து, உருக்குலைந்து, இதயத் தசையில் படிகிறது. இப்போதுள்ள மருந்துகள் மேலும் படிவதைத்தான் தடுக்கின்றன. 2018-ல் வெளியான டஃபாமிடிஸ் என்ற மாத்திரையின் ஆய்வில் இருந்தவர்கள் 441 பேர். 30 மாதத்தில் மருந்து எடுத்தவர்களில் 29.5 சதவீதம் பேரும் வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 42.9 சதவீதம் பேரும் இறந்தார்கள். பிறகு எல்லாருக்கும் மருந்து கொடுத்துத் தொடர்ந்து பார்த்தார்கள். தாமதமாகத் தொடங்கியவர்களால் முன்பே தொடங்கியவர்களை எட்டிப்பிடிக்க முடியவில்லை.

அதனாலேயே பிற்பாடு வந்த ஆய்வுகள் கொஞ்சம் இடம் கொடுத்தன. அக்கொராமிடிஸ் என்ற இன்னொரு மாத்திரையின் ஆய்வில் 12 மாதத்துக்குப் பிறகு டஃபாமிடிஸும் எடுத்துக்கொள்ளலாம் என்று விதி இருந்தது. உட்ரிசிரான் என்ற ஊசி மருந்தின் ஆய்வில் சேரும்போதே சுமார் 40 சதவீதம் பேர் டஃபாமிடிஸ் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே "விலகலாமா?" என்று கேட்பதற்கு முன்னால் "ஆய்வில் இருந்துகொண்டே இதையும் எடுக்க விதி இடம் தருகிறதா?" என்று கேளுங்கள். பல குடும்பங்கள் இதைக் கேட்பதே இல்லை என்பதுதான் என் வருத்தம்.

அவர் எடுப்பது மாத்திரையா ஊசியா என்பதையும் பாருங்கள். டஃபாமிடிஸை நிறுத்தினால் சில நாட்களில் உடம்பிலிருந்து இறங்கிவிடும். உட்ரிசிரான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில் போடும் ஊசி. கடைசி ஊசிக்குப் பிறகும் அதன் வேலை மாதக்கணக்கில் நீடிக்கும். அடுத்த மருந்தை எப்போது தொடங்குவது என்பது இதைப் பொறுத்தது, டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, வெளி லேபில் ப்ரீ அல்புமின் பரிசோதனை செய்து பார்க்காதீர்கள். அதுவும் இதே புரதம்தான். புரதத்தைப் பிரியவிடாமல் பிடித்துவைக்கும் மாத்திரை என்றால் அந்த எண் ஏறும், உற்பத்தியை அடக்கும் ஊசி என்றால் சரியும். எந்தக் குழுவில் (நிஜ மருந்தா, வெற்று மருந்தா) இருக்கிறார் என்று அந்த ஒரு காகிதம் காட்டிக்கொடுத்துவிடும். அப்புறம் ஆறு நிமிட நடைச் சோதனைக்கு வராந்தாவில் நிற்கும்போது அவர் பழைய மாதிரி நடக்க மாட்டார். நம்பிக்கையோ சோர்வோ காலில் தெரியும்.

விலகினால் மருந்துச் செலவு இன்சூரன்ஸ் பக்கம் போகும். டஃபாமிடிஸ் 2019-ல் வந்தபோது ஆண்டு விலை 2,25,000 டாலர். அவருக்கு மெடிகேர் (முதியோருக்கான அமெரிக்க அரசு இன்சூரன்ஸ்) மருந்துத் திட்டம் இருந்தால் கைச்செலவுக்கு 2025 முதல் உச்சவரம்பு உண்டு (அந்த ஆண்டில் 2,000 டாலர்). இன்சூரன்ஸ் ஒப்புதல் கைக்கு வந்த பிறகே ஆய்வு மருந்தை விடட்டும்.

கடைசியாக, ஆய்வு மருந்தை விடுவது வேறு, ஆய்வையே விடுவது வேறு. மருந்தை நிறுத்தினாலும் அவ்வப்போது போனில் நலம் விசாரிக்க அவர் சம்மதிக்கலாம். அந்தத் தகவலுக்கு ஆய்வில் நிஜமான மதிப்பு உண்டு. மீதி மாத்திரைகளோடு காலி பாட்டில்களையும் எடுத்துக்கொண்டு போங்கள், நாங்கள் எண்ணித்தான் கணக்கு வைப்போம். எந்தக் குழுவில் இருந்தார் என்பதை ஆய்வு முடிந்ததும் சொல்வார்களா என்று அன்றைக்கே கேட்டு வையுங்கள்.