கர்ப்பப்பை ஆபரேஷன்: வயித்தைக் கிழிக்காம எடுக்க முடியுமா?

கேள்வி: வயசு 46. ஃபைப்ராய்டு கட்டி, பீரியட்ஸ்ல ரத்தம் கொட்டுது, மாத்திரைக்கு கேக்கல. கர்ப்பப்பையை எடுக்கணுமாம். ஓப்பன் (வயித்தைக் கிழிச்சு), லேப்ராஸ்கோப்பி, ரோபோட்டிக் மூணுல எதுன்னு முடிவு பண்ணச் சொல்றாங்க. ஒரு சிசேரியன் ஆகியிருக்கு. எது நல்லது டாக்டர்?

பதில்: இந்த மூணுக்கும் முன்னாடி கேக்க வேண்டிய வழி ஒண்ணு இருக்கும்மா, பிறப்புறுப்பு வழியாவே எடுக்கறது. வயித்துல ஒரு துளைகூட கிடையாது. கர்ப்பப்பை ரொம்ப பெருசா இல்லாம, சுத்தி எங்கயும் ஒட்டாம நல்லா அசைஞ்சா இதைத்தான் முதல்ல பாக்கணும், அமெரிக்க மகப்பேறு டாக்டர்கள் அமைப்போட கைட்லைனும் இதையேதான் சொல்லுது. சிசேரியன் ஆனவங்களுக்கு இது முடியவே முடியாதுன்னு இல்ல, தழும்புல மூத்திரப்பை ஒட்டியிருக்கலாம், அதை அனுபவம் உள்ள கை பிரிக்கணும், அவ்ளோதான். உங்களுக்கு ஏன் முடியாதுன்னு காரணம் கேளுங்க, தயங்காதீங்க.

முடியலன்னா அடுத்தது லேப்ராஸ்கோப்பி. 1988ல ஹாரி ரைக் பண்ணிக் காட்டினதுலேர்ந்து நடக்குது. சின்னச் சின்னதா மூணு நாலு துளை, கார்பன் டை ஆக்சைடு விட்டு வயித்தை உப்ப வெச்சு, கேமராவுல பாத்து கர்ப்பப்பையை விடுவிச்சு பெரும்பாலும் கீழ்வழியாவே எடுத்துடுவாங்க. அப்புறம் ஒண்ணு ரெண்டு நாள் தோள்பட்டை வலிச்சா பயப்படாதீங்க, உள்ள விட்ட கேஸ், நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்கற உதரவிதானத் தசையை உறுத்தறதுதான்.

ரோபோட்டும் துளை வழிதான், டாக்டர் உக்காந்து கருவியை இயக்குவார். சாதாரண ஃபைப்ராய்டுக்கு லேப்ராஸ்கோப்பியை விட ரிசல்ட் மேலன்னு தெளிவா நிரூபணம் ஆகல, செலவு மட்டும் கூடுது. மெஷினை விட அந்த டாக்டர் அதே ஆபரேஷனை அடிக்கடி பண்றவரான்னு பாருங்க.

கட்டி பெருசுன்னா துண்டு பண்ணி எடுக்க வேண்டி வரும். ஃபைப்ராய்டு மாதிரியே தெரியற புத்துநோய் அபூர்வமா இருக்கும், துண்டு பண்ணா அது வயித்துக்குள்ள பரவிடலாம்னு 2014லயே அமெரிக்காவுல மருந்து, மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கற எஃப்டிஏ எச்சரிச்சிருக்கு. அதனால சிதறாம இருக்க தனியா ஒரு பையை உள்ள விட்டு, அதுக்குள்ள வெச்சுத்தான் துண்டு பண்ணுவீங்களான்னு கேளுங்க. உங்க வயசுக்கு உள்சவ்வு பயாப்சி, அதாவது கர்ப்பப்பை உள்சவ்வுல துளி எடுத்து புத்துநோய் இருக்கான்னு பாக்கற டெஸ்ட், ஆபரேஷனுக்கு முன்னாடியே எடுத்திருக்கணும், எடுக்கலன்னா தேதியே குறிக்க விடாதீங்க. கர்ப்பப்பை ரொம்பப் பெருசு, குடலெல்லாம் ஒட்டியிருக்குன்னா ஓப்பன்தான் பாதுகாப்பு, அதை மோசமான வைத்தியம்னு நினைக்காதீங்க.

ஓவரியை விட்டுவைப்பாங்களான்னும் கேட்டுக்கோங்க, விட்டா உடனே மெனோபாஸ் வராது.

வெளிய தழும்பு சின்னதா இருக்கேன்னு சீக்கிரமே குடம் தூக்கிடாதீங்க. உள்ள பிறப்புறுப்போட மேல் முனையில போட்ட தையல் எந்த முறைன்னாலும் இருக்கும், 6லேர்ந்து 8 வாரம் கனமான வேலையும் தாம்பத்தியமும் வேண்டாம். நடுவுல திடீர்னு ரத்தமோ தண்ணி மாதிரியோ கொட்டினா செக்கப் தேதி வரட்டும்னு காத்திருக்காம அன்னிக்கே ஆஸ்பத்திரி போங்கம்மா.