ஷூர் ஆற்றங்கரையில் ஓர் அரச மாளிகை

கேள்வி: அயர்லாந்து என்றாலே டப்ளினைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். பழமையைக் காத்துவரும் ஆற்றங்கரைச் சிற்றூர் ஒன்றைப் பற்றிச் சொல்லுங்களேன்.

பதில்: கேரிக்-ஆன்-ஷூர் என்ற ஊரைத் தயங்காமல் சொல்வேன். டிப்பரரி மாவட்டத்தின் தென்கிழக்கு எல்லையில், ஷூர் ஆற்றின் கரையில் அமைந்த இவ்வூரின் பெருமை ஆர்மண்ட் கோட்டை. பின்புறம் 15-ஆம் நூற்றாண்டுக் கோபுரங்கள் நிற்க, அவற்றோடு ஒட்டி 1560-களில் ஒரு மாளிகையை எழுப்பினார் பத்தாவது ஆர்மண்ட் பிரபுவான தாமஸ் பட்லர். 'கறுப்பு டாம்' என்று அழைக்கப்பட்ட இவர் லண்டன் அரசவையில் வளர்ந்தவர். இங்கிலாந்து அரசி முதலாம் எலிசபெத்துக்கு, அவருடைய தாய் ஆன் பொலின் வழியில் உறவினர்.

அயர்லாந்துப் பிரபுக்கள் தடித்த கல்கோபுரங்களுக்குள் அஞ்சி வாழ்ந்த காலத்தில், அரண் ஏதுமின்றி, வரிசையாகப் பெரிய சன்னல்கள் வைத்து ஒருவர் வீடு கட்டினார் என்பதே என்னை மிகவும் கவர்ந்த செய்தி. மாடியிலுள்ள நீண்ட கூடத்தின் சுவரில், நீதி, நியாயம் ஆகியவற்றின் பெண்ணுருவங்கள் இருபுறமும் நிற்க, நடுவே எலிசபெத்தின் முகம் சுதைச் சிற்பமாகப் புடைத்து நிற்கிறது. அரசி வந்து தங்குவார் என்ற நம்பிக்கையில் கட்டப்பட்டது என்பார்கள். ஆனால் எலிசபெத் அயர்லாந்து மண்ணை மிதிக்கவே இல்லை. பின்னாளில் சிதைந்துகிடந்த மாளிகையை 20-ஆம் நூற்றாண்டில் அரசு ஏற்றுச் சீரமைத்திராவிட்டால் இந்தச் சுதை வேலைப்பாடு நமக்கு மிஞ்சியிருக்காது.

கேள்வி: கோட்டையைத் தவிர அங்கே பார்க்க என்ன இருக்கிறது?

பதில்: ஆற்றையே முதலில் பாருங்கள். கடலின் ஏற்றவற்றம் இவ்வூர் வரை எட்டுவதால், வாட்டர்ஃபோர்டு துறைமுகத்திலிருந்து சரக்குகள் படகிலேயே வந்து சேர்ந்தன. அதற்கு மேல் நீரோட்டத்தை எதிர்த்து குளோன்மெல் நகருக்குப் படகுகளைக் கொண்டுசெல்ல, கரையோரப் பாதையில் குதிரைகளைப் பூட்டி இழுத்தார்கள். அந்தப் பாதைதான் இன்று 21 கிலோமீட்டர் நீளமுள்ள நடைபாதையாகவும் சைக்கிள் பாதையாகவும் பயன்படுகிறது. உலகப் புகழ்பெற்ற சைக்கிள் வீரர் ஷான் கெல்லி இம்மண்ணின் மைந்தர் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஊருக்கு வடக்கே சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள அஹென்னி கிராமத்தில், ஆயிரம் ஆண்டுகளுக்கும் முந்திய இரண்டு கற்சிலுவைகள் உள்ளன. உலோகச் சிலுவையின் ஆணித்தலைகளைப் போன்ற குமிழ்களையும் பின்னல் கோலங்களையும் கல்லிலேயே செதுக்கியிருக்கிறார்கள். சாய்ந்த வெயிலில் பார்த்தால் அவை தெளிவாகத் தெரியும்.

மாளிகையின் உட்புறத்தை வழிகாட்டியுடன்தான் பார்க்க முடியும். குளிர்காலத்தில் அது மூடியிருக்கும் என்பதால் கோடையில் செல்வதே நல்லது.