பதில்: புரதம் கரையவே மாட்டேங்குது, பிஎச்.டி.யை விட்டுடலாமா?

மூணாவது வருஷம், சிறுநீரக நோய்ப் புரதம், ஒவ்வொரு தடவையும் பெல்லட்டிலேயே (செல்லை உடைச்சுச் சுழற்றினா அடியில தங்குற கட்டி) போய் உட்காருது, ஒரு பேப்பர்கூட இல்லைன்னு எழுதியிருக்கீங்க. விடுறதை அப்புறம் பேசலாம். 37 டிகிரியில இண்டியூஸ் பண்றதா (புரதம் செய்யப் பாக்டீரியாவைத் தூண்டிவிடறதா) சொன்னீங்களே, எனக்கு அங்கதான் சந்தேகம். அந்தச் சூட்டில ஈ.கோலை பாக்டீரியா புரதத்தைச் செஞ்சு தள்ளிடும். ஒழுங்கா மடியறதுக்குள்ள ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கட்டியாயிடும்.

ஓ.டி. (பாக்டீரியா எவ்வளவு வளர்ந்திருக்குன்னு காட்டுற கலங்கல் அளவு) 0.6 வந்ததும் 18 டிகிரிக்கு இறக்குங்க. தூண்டிவிடறதுக்கு ஐபிடிஜி ரசாயனம் 0.1 மில்லிமோலார் போதும், ராத்திரி முழுக்க ஷேக்கர்ல விடுங்க. மறுநாள் பெல்லட்டையும், மேல தெளிஞ்சு நிக்கிற சூப்பர்னேட்டன்டையும் ஜெல்லில பக்கத்துப் பக்கத்து லேன்ல ஓட்டிப் பாருங்க. சூப்பர்னேட்டன்ட்ல மெல்லிசா ஒரு பேண்ட் தெரிஞ்சாலே வழி இருக்கு. இல்லைன்னா எம்பிபி டேக் (கரைய உதவுற இன்னொரு புரதத்தை ஒட்டவைக்கிறது) போடுங்க. யூரியாவில கரைச்சு ரீஃபோல்ட் பண்றது, அதாவது திரும்ப மடிய வைக்கிறது, கடைசி கதி. நான் அதில ஆறு மாசம் தொலைச்சவன்.

இன்னொண்ணு: நீங்க குளோன் பண்ணது நோயாளியோட மியூட்டன்டா (மரபணு மாறின வடிவமா)? அப்படின்னா சாதா வடிவத்தையும் கூடவே ஓட்டுங்க. மியூட்டன்ட் மட்டும் கரையலைன்னா, அது தோல்வி இல்லை, தீசிஸோட முதல் அத்தியாயமாகூட இருக்கலாம்.

பொறுமைக்கு ஒரு உதாரணம்: புரத வடிவத்தை ஆராய்ஞ்ச மேக்ஸ் பெரூட்ஸ் கேம்பிரிட்ஜ்ல ஹீமோகுளோபினைக் கையில எடுத்தது 1937ல. பாதரச அணுவை ஒட்டவச்சா எக்ஸ்ரே படத்தைப் படிக்கலாம்னு பிடிபட்டது 1953ல. வடிவம் வெளிவந்தது 1960ல. உங்க ஃபெலோஷிப் அவ்வளவு நாள் தாங்காது, அது வேற விஷயம். அதனால கைடு சொல்ற ரெண்டாவது ப்ராஜெக்டை மறுக்காம வாங்கிக்கோங்க, இதை ராத்திரி ஷேக்கர்ல ஓடவிடுங்க. ஜெல் படம் வந்ததும் இங்க போடுங்க, பார்த்துச் சொல்றேன்.