டீசல் காரில் லண்டன் கல்யாணத்துக்குப் போகலாமா?

கேள்வி: எங்களுடையது 2012-ம் வருஷ டீசல் கார். சனிக்கிழமை சாயங்காலம் ஈஸ்ட் ஹாமில் ஒரு கல்யாண வரவேற்பு. புகை அதிகம் கக்கும் வண்டிகளுக்கு லண்டனில் வாங்கும் 'யூலெஸ்' (ULEZ) கட்டணம் வாரக் கடைசியில் கிடையாது என்கிறார் என் கணவர். நிஜமா? - வாசகி, லெஸ்டர்.

பதில்: இல்லையம்மா. வருஷத்தில் டிசம்பர் 25 ஒரு நாள்தான் விடுப்பு. 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டனின் எல்லா பரோக்களும் (மாநகரின் நிர்வாகப் பகுதிகள்) இதில் அடக்கம், ஈஸ்ட் ஹாமும்தான். கட்டணம் இல்லாமல் போக, டீசலுக்கு யூரோ 6 என்ற புகைத் தரம் வேண்டும். 2015 செப்டம்பருக்கு முந்தைய டீசல் கார்கள் பெரும்பாலும் தேறாது. பெட்ரோலுக்கு யூரோ 4 போதும்.

கட்டணம் நாளொன்றுக்கு 12.50 பவுண்டு. நாள் என்பது நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை. நம் வீட்டு வரவேற்பு பத்து மணிக்கு முடிந்ததாகச் சரித்திரம் உண்டா? பன்னிரண்டைத் தாண்டி வண்டியை எடுத்தால் இன்னொரு 12.50! சுங்கச்சாவடி எதுவும் இருக்காது. கேமரா நம்பர் பிளேட்டைப் படித்துக்கொள்ளும். நாமாகவே ஆன்லைனில் கட்ட வேண்டும், வண்டி ஓட்டிய நாளுக்கு அடுத்த மூன்றாம் நாள் நள்ளிரவுக்குள். தவறினால் அபராதம் 180 பவுண்டு, 14 நாளுக்குள் கட்டினால் 90.

லண்டனைச் சுற்றிப் போகும் எம்25 சாலைக்கு யூலெஸ் கிடையாது. ஆகவே லண்டன் எல்லைக்கு வெளியே இருக்கும் எப்பிங் ஸ்டேஷனில் காரை விட்டு, சென்ட்ரல் லைன் பாதாள ரயிலில் மைல் எண்ட் வந்து, எதிர் பிளாட்பாரத்திலேயே ஈஸ்ட் ஹாமுக்கு டிஸ்ட்ரிக்ட் லைன் பிடிக்கலாம். ஆனால் சனி ராத்திரி விடிய விடிய ஓடும் ரயில் எப்பிங் வரை வராமல் லௌட்டனோடு நின்றுவிடும். பட்டுப்புடவையோடு அங்கே மாட்டிக்கொள்வதற்கு, 25 பவுண்டைக் கட்டிவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டு வரலாம் என்பேன் நான்.