ஸ்டாக் படமும் ஏஐ திருத்தமும்: கேள்வி-பதில்

கே: தேயிலைத் தோட்டப் படம் ஒன்றில் மின்கம்பியை ஃபோட்டோஷாப்பின் ஜெனரேட்டிவ் ஃபில்லில் (தேர்ந்த இடத்தை ஏஐ வரைந்து நிரப்பும் கருவி) அழித்தேன், வானத்தையும் அதிலேயே மாற்றினேன். படங்களை விற்றுத்தரும் தளமான அடோபி ஸ்டாக்கில் ஏஐ என்று குறிக்க வேண்டுமா? அதேபோன்ற ஷட்டர்ஸ்டாக்குக்கும் அனுப்பலாமா?

ப: கம்பியை மட்டும் நீக்கியிருந்தால் அது சில்லறைத் திருத்தம். வானமே ஏஐ வரைந்தது என்பதால் அடோபியில் ஏஐ கொண்டு உருவாக்கியது என்ற கட்டத்தில் டிக் போட்டுவிடுங்கள். அனுப்புமுன் 100% அளவில் பெரிதாக்கி, மலைமுகடும் வானமும் சேரும் கோட்டைப் பாருங்கள். பெரிய பகுதியை ஒரே மூச்சில் நிரப்பினால் அந்த இடம் மட்டும் மழுங்கித் தெரியும். தரச்சோதனையில் இதனால் அடிபடலாம். சிறு சிறு தேர்வுகளாக நிரப்பி, மேலே லேசாக கிரெய்ன் (பொடிப்புள்ளி) சேருங்கள்.

ஷட்டர்ஸ்டாக் ஏஐ உருவாக்கிய படங்களை ஏற்பதில்லை. அங்கே அசல் வானத்தோடு, கம்பியை குளோன் ஸ்டாம்பால் (பக்கத்துப் பகுதியை நகலெடுத்து மூடும் கருவி) அழித்த பிரதியை அனுப்புங்கள். கேமராவின் அசல் ரா கோப்பை அழித்துவிடாதீர்கள்.

கே: என் படங்களை ஏஐ பயிற்சிக்குத் தராமல் இருக்க முடியுமா?

ப: ஷட்டர்ஸ்டாக்கில் முடியும், கணக்கு அமைப்புகளில் தரவு உரிமத்தை (படங்களை ஏஐ பயிற்சிக்குத் தரும் அனுமதி) அணைத்து வைக்கலாம். ஏற்கெனவே போன படங்கள் திரும்பாது. அடோபியில் அப்படியொரு பொத்தானே இல்லை. அங்கே, அடோபியின் ஏஐயான ஃபயர்ஃபிளையின் பயிற்சிக்குப் படங்கள் பயன்பட்டதற்கான போனஸை 2023 செப்டம்பரில் முதன்முதலாகக் கொடுத்தார்கள். படம் விற்றால் வரும் 33% ராயல்டி வேறு, இது வேறு.