கையுறை மாட்டிவிடும் போலீஸ்காரர்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் பிலடெல்பியாவில் வசிக்கிறேன். என் மகனுக்குப் பதின்மூன்று வயது. கொஞ்ச நாட்களாக எங்கள் பகுதியில் உள்ள போலீஸ் அத்லெடிக் லீக் மையத்துக்குப் பாக்சிங் கற்றுக்கொள்ளப் போகிறான். கட்டணம் கிடையாது. மையத்தை நடத்துபவர் ஒரு போலீஸ்காரர். வீட்டுப்பாடம் முடித்தால்தான் கையுறை மாட்டிவிடுவார். வீட்டில் மகனுக்கு எப்போதும் அவரைப் பற்றித்தான் பேச்சு.

போன வாரம் அவர் என்னிடம், சனிக்கிழமைகளில் வந்து பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தர முடியுமா என்று கேட்டார். எனக்கு ஆசைதான். ஆனால் என் தம்பி, "இதெல்லாம் போலீஸ் தனக்கு நல்ல பெயர் தேடிக்கொள்ளும் வேலை. பிள்ளைகளிடம் பேச்சுக்கொடுத்துத் தெருவில் யார் என்ன செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்வார்கள்" என்கிறான். இப்படிப்பட்ட மையங்களை நடத்துகிறவர்களை நம்பலாமா?

இன்னொரு சின்ன விஷயம். மகனுக்கு மார்க் குறைந்துவிட்டது. இரண்டு வாரம் ஜிம் பக்கம் வரக்கூடாது என்று அவர் சொல்லியிருக்கிறார். இது சரியா?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

போங்கள், கணக்குச் சொல்லிக்கொடுங்கள். ஆனால் உங்கள் தம்பி சொல்வதை ஒதுக்கிவிட்டுப் போகாதீர்கள். அவருடைய சந்தேகத்தைச் சில கேள்விகளாக மாற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

இந்த ஏற்பாடு எதற்காகத் தொடங்கியது என்பதை முதலில் பார்த்துவிடலாம். 1914-இல் நியூயார்க்கின் போலீஸ் ஆணையராக ஆர்தர் வுட்ஸ் வந்தார். அதற்கு முன்னால் பள்ளியில் ஆசிரியராக வேலை பார்த்தவர். அன்றைக்கு லோயர் ஈஸ்ட் சைட் பகுதியின் அடுக்குக் குடியிருப்புகளில், ஒரே அறையில் ஒரு குடும்பமே அடைந்து கிடந்தது. பிள்ளைகளுக்கு விளையாட இடம் தெருதான். தெருவில் வண்டி மோதிப் பிள்ளைகள் செத்தார்கள். தெருவில் பந்து விளையாடினால் போலீஸ் பிடித்தது. வுட்ஸ் சில தெருக்களில் குறிப்பிட்ட நேரத்துக்கு வண்டிகளை நிறுத்திவிட்டு, அவற்றை விளையாட்டுத் தெருக்கள் ஆக்கினார். அதே பகுதியின் கேப்டன் ஜான் ஸ்வீனி, பையன்களைச் சேர்த்து ஜூனியர் போலீஸ் என்று ஓர் அமைப்பு நடத்தினார். 1930களில் அதே போலீஸ் துறை இந்த யோசனையை மறுபடி கையில் எடுத்து வளர்த்ததுதான் இன்றைய லீக். பிற நகரங்கள் அதைப் பார்த்துத் தங்களுக்கென்று ஒன்று தொடங்கின. உங்கள் பிலடெல்பியாவில் அது 1947-இல் வந்தது.

இதில் நான் கவனிப்பது ஒன்றுதான். யார் துரத்தினார்களோ அவர்களே இடமும் கொடுத்தார்கள். பின்னாளில் மன்ஹாட்டனின் மாவட்ட அரசு வழக்கறிஞராக 1975 முதல் 2009 வரை இருந்த ராபர்ட் மார்கெந்தாவ், பல பத்தாண்டுகள் நியூயார்க் லீக்கின் தலைமையில் இருந்தார். பகலில் குற்றவாளிகளைக் கூண்டில் ஏற்றுகிற அதே ஆள், மற்ற நேரத்தில் சிறுவர்களின் கோடை முகாமுக்குப் பணம் திரட்டினார். இரண்டும் ஒரே கையில் இருப்பதுதான் இந்த ஏற்பாட்டின் பலம். தம்பி பயப்படுவதும் அதைப் பார்த்துத்தான்.

இப்படி ஒரு மையத்தை நடத்துகிறவர் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டால் எனக்கு ஜோ மார்ட்டின்தான் நினைவுக்கு வருவார். கெண்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரத்தில் போலீஸ்காரர். கொலம்பியா அரங்கத்தின் அடித்தளத்தில் பையன்களுக்குப் பாக்சிங் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். 1954 அக்டோபரில் ஒரு நாள், பன்னிரண்டு வயதுக் கறுப்பினச் சிறுவன் ஒருவன் அழுதுகொண்டே கீழே இறங்கி வந்தான். அவனுடைய புது சைக்கிளை யாரோ திருடிவிட்டார்கள். யார் எடுத்தானோ அவனை அடித்து நொறுக்கப் போவதாகச் சொன்னான். அதற்கு முன்னால் சண்டை போடக் கற்றுக்கொள் என்றார் மார்ட்டின். பையனின் பெயர் காஷியஸ் கிளே. பின்னாளில் முகமது அலி.

இந்தக் கதை எல்லோருக்கும் தெரியும், ஆனால் பெரும்பாலானவர்கள் சைக்கிளோடு நிறுத்திவிடுகிறார்கள். அதற்குப் பிறகு வந்த ஆறு வருடங்களைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். பூங்காவிலும் தியேட்டரிலும் கறுப்பர்களைத் தனியே ஒதுக்கி வைத்திருந்த நகரத்தில், மார்ட்டினின் அடித்தளத்தில் கறுப்புப் பையன்களும் வெள்ளைப் பையன்களும் ஒன்றாகப் பயிற்சி எடுத்தார்கள். அவர்களுடைய சண்டைகள் உள்ளூர்த் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகின. பயிற்சி தொடங்கிச் சில வாரங்களிலேயே கிளே அந்த நிகழ்ச்சியில் மேடையேறினான். பையனுக்கு இன்னொரு ஆசானும் உண்டு: ஃபிரெட் ஸ்டோனர். கறுப்பினத்தவர், நகரத்தின் இன்னொரு பகுதியில் ஜிம் நடத்தியவர். நுணுக்கத்தைக் கற்றுக்கொடுத்தவர் ஸ்டோனர்தான் என்று அலியே பிற்பாடு சொல்லியிருக்கிறார். மார்ட்டினைப் பற்றிப் பேசும்போது அவரை விட்டுவிடக் கூடாது.

1960-இல் ரோம் ஒலிம்பிக்ஸ். கிளேக்கு விமானம் என்றால் பயம், போக மாட்டேன் என்று அடம்பிடித்தான். மார்ட்டின் அவனை ஒரு பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போய் மணிக்கணக்காகப் பேசிச் சம்மதிக்க வைத்தார். ரோமில் தங்கம் வந்தது. அதற்குப் பிறகு தொழில்முறைப் பயிற்சி ஏஞ்சலோ டண்டியிடம் போய்விட்டது. மார்ட்டின் லூயிவிலில் தன் ஜிம்மோடு நின்றுகொண்டார்.

அந்தப் பூங்காப் பேச்சைத்தான் நான் பிடித்துக்கொள்கிறேன். பதினெட்டு வயதுப் பையன் ஒருவன், வெளியில் காட்ட வெட்கப்படும் பயத்தைக் காட்ட ஓர் ஆள் தேவைப்பட்டபோது, அந்த ஆளாக ஒரு போலீஸ்காரர் இருந்தார். ஆறு வருடம் தினமும் அதே இடத்தில் அதே முகத்தைப் பார்த்திருக்காவிட்டால் அவன் அவர் பேச்சைக் கேட்டிருப்பானா? அலி கிடைத்ததை வைத்து மட்டும் மார்ட்டினை அளக்கவும் கூடாது. அந்த அடித்தளத்தில் கையுறை மாட்டிய மற்ற பையன்களின் பெயர் யாருக்கும் தெரியாது. அவர்களுக்கும் கதவு அதே நேரத்துக்குத் திறந்தது.

இனி தம்பியின் பக்கம். அதே லூயிவில் நகரத்திலிருந்தே தொடங்கலாம். அங்கே போலீஸ் துறை, பதின்ம வயதினருக்காக எக்ஸ்புளோரர் என்ற வழிகாட்டும் திட்டம் ஒன்றை நடத்தியது. அதில் பிள்ளைகளுக்கு வழிகாட்ட நியமிக்கப்பட்ட இரண்டு போலீஸ்காரர்கள் அவர்களைப் பாலியல் ரீதியாகச் சீரழித்தது வழக்காகி, 2017-இல் வெளியே வந்தது. மேயர் திட்டத்தை நிறுத்தினார். இருவரும் பின்னர் சிறைக்குப் போனார்கள். மார்ட்டின் சைக்கிள் திருட்டுக்காகக் குறிப்பேட்டை எடுத்த அதே ஊர் இது. சீருடை அதேதான். பிள்ளைகளும் அதே மாதிரி, பெரியவர் ஒருவர் தன்னை மதிக்கிறாரே என்று மகிழ்ந்து போனவர்கள்தான். அந்த மகிழ்ச்சியையே பிடித்துக்கொண்டுதான் அந்த இருவரும் உள்ளே நுழைந்தார்கள்.

அதனால், நல்ல ஆளா கெட்ட ஆளா என்று முகத்தைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. ஆளைச் சுற்றி என்ன ஏற்பாடு இருக்கிறது என்று பாருங்கள். பிள்ளையோடு தனியாக ஒருவர் காரில் போக அனுமதி உண்டா? தனிப்பட்ட முறையில் பிள்ளைக்கு மெசேஜ் அனுப்பலாமா? பயிற்சி நேரத்தில் பெற்றோர் சொல்லாமல் வந்து உட்கார்ந்து பார்க்கலாமா? முதல் இரண்டுக்கும் இல்லை, மூன்றாவதற்கு ஆமாம் என்று பதில் வர வேண்டும். கேட்டதற்கு முகம் சுளித்தால் அதுவே ஒரு பதில். மையத்தை ஒழுங்காக நடத்துகிறவர் இந்தக் கேள்வியை வரவேற்பார், ஏனென்றால் விதி அவரையும் காப்பாற்றுகிறது.

அப்புறம், உளவு. இதுவும் வெறும் கற்பனை இல்லை. கலிபோர்னியாவில் போலீஸ் துறைகள் சேர்ந்து கும்பல்களைப் பற்றி ஒரு தரவுத்தளம் வைத்திருந்தன. 2016-இல் மாநிலத் தணிக்கையாளர் அதைச் சோதித்தபோது, பட்டியலில் சேர்க்கப்பட்ட நாளில் ஒரு வயதுகூட நிரம்பாதவர்கள் என்று 42 பேர் அதில் பதிவாகியிருந்தார்கள். எவ்வளவு அலட்சியமாகப் பெயர்கள் ஏறின என்பதற்கு இது போதும். யாரோடு நிற்கிறான், என்ன நிறச் சட்டை போடுகிறான் என்பதுகூட இப்படிப்பட்ட பட்டியலுக்குக் காரணமாகும். ஜிம்மில் ஒரு பிள்ளை, "எங்க அண்ணன் இப்பல்லாம் அந்தப் பசங்களோடதான் சுத்துறான்" என்று மனம்விட்டுச் சொன்னால், அந்தப் பேச்சு எங்கே போய் நிற்கும் என்று நீங்கள் அந்த அதிகாரியிடம் நேராகக் கேட்க வேண்டும். ஒரு பிள்ளைக்கோ மற்றவருக்கோ உயிருக்கு ஆபத்து என்றால் அவர் சொல்லித்தான் ஆக வேண்டும். மற்றபடி, கையுறை மாட்டிவிடும் ஆள் விசாரணை அதிகாரியாக இருக்கக் கூடாது. இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும். வழிகாட்டுவது எப்போதும் நன்மைதான் செய்யும் என்று எல்லோரும் நினைக்கிறோம். மாசசூசெட்ஸ் மாநிலத்தில், கேம்பிரிட்ஜ், சோமர்வில் என்ற இரண்டு ஊர்களில் 1939-இல் ஓர் ஆய்வு தொடங்கியது. 506 பையன்களை இணை இணையாகப் பிரித்து, காசு சுண்டிப் போட்டு, இணையில் ஒருவனுக்கு மட்டும் ஓர் ஆலோசகரைக் கொடுத்தார்கள். ஆலோசகர் வீட்டுக்கு வருவார், பாடம் சொல்லித்தருவார், விளையாடக் கூட்டிப்போவார். சராசரியாக ஐந்து வருடம் இது நடந்தது. முப்பது வருடம் கழித்து ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர் அவர்களைத் தேடிப் பிடித்தார். உதவி பெற்றவர்களில் பெரும்பாலோர் அது தங்களுக்கு நல்லது செய்தது என்றே சொன்னார்கள். ஆனால் ஆவணங்கள் வேறு மாதிரி பேசின. குடி, மனநோய், இளவயது மரணம், திரும்பத் திரும்பக் குற்றம் என்று பல அளவுகளில் உதவி பெற்றவர்கள் பெறாதவர்களைவிட மோசமாக இருந்தார்கள். 1978-இல் அது வெளியானபோது பலரால் ஏற்க முடியவில்லை. பின்னாளில் அதே தரவுகளைத் துருவிப் பார்த்தபோது ஒரு தடயம் கிடைத்தது: கோடை முகாம்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முறை அனுப்பப்பட்ட பையன்களிடம்தான் கேடு அதிகம். முகாமில் பையன்கள் ஒருவரையொருவர் வளர்த்துவிட்டார்கள், தப்பான திசையில்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இது: 'பிரச்சினைப் பிள்ளைகள்' என்று பட்டியல் போட்டு அவர்களை மட்டும் ஒரு கூடத்தில் அடைத்தால் நல்லது நடக்காது. எல்லாப் பிள்ளைகளும் வரும் இடமாக இருக்க வேண்டும். நன்றாகப் படிக்கிறவன், படிக்காதவன், போலீஸிடம் மாட்டியவன், போலீஸைப் பார்த்தாலே ஓடுகிறவன், எல்லோரும் ஒரே வரிசையில் கயிறு தாண்ட வேண்டும். உங்கள் மகன் போகும் மையம் அப்படியா என்று நீங்களே ஒரு சனிக்கிழமையில் பார்த்துவிடலாம். கணக்கு வாத்தியாராகப் போனால் இன்னும் நன்றாகத் தெரியும்.

இந்த மையங்கள் எப்படி நின்றுபோகின்றன என்பதற்குப் பால்டிமோரைப் பாருங்கள். 1990களில் ஆணையர் தாமஸ் ஃப்ரேசியர் காலத்தில் அங்கே இருபதுக்கும் மேற்பட்ட மையங்கள் இருந்தன, ஒவ்வொன்றிலும் போலீஸ்காரர்கள். அடுத்து வந்தவர்கள், போலீஸ்காரர் தெருவில் ரோந்து போகட்டும், பந்து வீசிக்கொண்டிருக்க வேண்டாம் என்று நினைத்தார்கள். மையங்கள் குறைந்தன. 2009-இல் மிச்சமிருந்தவையும் நகரத்தின் பூங்கா, பொழுதுபோக்குத் துறைக்குக் கைமாறின. கட்டடம் இருந்தது, பந்தும் இருந்தது. தினமும் பார்த்த முகம் மட்டும் இல்லை. சென்னையில் போலீஸ் நடத்தும் சிறுவர் சிறுமியர் மன்றங்களில் மாலை நேரத்தில் கேரமும் டியூஷனும் நடத்துகிற காவலர்களைப் பற்றியும் எனக்கு இதே கவலைதான். இடமாற்ற உத்தரவு ஒன்று வந்தால் போதும், அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் மறைந்துவிடுகிறார். இந்த வேலைக்குப் போலீஸ் துறைகள் குறைந்தது நாலைந்து வருடம் மாற்றாமல் ஆளை விட வேண்டும், அதைப் பதவி உயர்வில் குறையாகவும் கணக்கிடக் கூடாது. உங்கள் அதிகாரி எத்தனை வருடமாக அங்கே இருக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். எனக்கு அவருடைய வேறு எந்தத் தகுதியையும்விட அது முக்கியம்.

சரி, மார்க் விஷயம். படிப்புக்கும் ஜிம்முக்கும் அவர் முடிச்சுப் போட்டது நல்லதுதான். ஆனால் இரண்டு வாரம் வரவே கூடாது என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மார்க் குறைந்த பையனுக்கு மாலை நாலு மணிக்குப் போக இடம் இல்லாமல் போவது எந்தப் பாடத்தையும் சொல்லித்தராது. கையுறை வேண்டாம், சண்டைப் பயிற்சி வேண்டாம். ஆனால் வரட்டும், ஓரத்தில் உட்கார்ந்து கணக்குப் போடட்டும், மற்றவர்கள் பயிற்சி எடுப்பதைப் பார்க்கட்டும். இதை நீங்கள் கோபமில்லாமல் அவரிடம் சொல்லுங்கள். அந்தக் கணக்கைப் பார்த்துக்கொள்ள நான் வருகிறேன் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். மறுப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

தன்னார்வலராகச் சேர, பென்சில்வேனியா சட்டப்படி உங்களுக்கும் சான்றிதழ்கள் தேவைப்படும். மாநிலப் போலீஸின் குற்றப் பின்னணிச் சோதனை ஒன்று, குழந்தை வன்கொடுமைப் பதிவேட்டுச் சோதனை இன்னொன்று. கடைசிப் பத்து வருடமும் நீங்கள் அந்த மாநிலத்திலேயே வசித்திருக்காவிட்டால் எஃப்.பி.ஐ. கைரேகையும் கொடுக்க வேண்டியிருக்கும். சலித்துக்கொள்ளாமல் கொடுங்கள். சான்றிதழ் வரக் கொஞ்ச நாளாகும், இந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள்.

அன்புடன்.