உங்கள் மகள் பிழை தேடுகிறாளா? தேடட்டும்

‘கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிற மகள் ராத்திரி பதினொரு மணிக்கு லேப்டாப்பை வைத்துக்கொண்டு, யாரோ செய்த சாஃப்ட்வேரில் தப்பு கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறாள். சல்லிக்காசு வராது. கேட்டால் ஓப்பன் சோர்ஸ், டெஸ்டிங் என்கிறாள். அந்த நேரத்தில் கோடிங் படித்தால் ஆகாதா?’ என்று கேட்டிருக்கிறீர்கள், அம்மா.

ராத்திரி பதினொரு மணி தனிப் பிரச்சினை. அதற்கு நீங்கள் தாராளமாகத் திட்டலாம், நான் குறுக்கே வரமாட்டேன். பிழை தேடுவதைப் பற்றி மட்டும் பேசுவோம். ஓப்பன் சோர்ஸ் என்றால் நிரலை யாரும் பார்க்கும்படி திறந்து வைத்திருக்கும் மென்பொருள்.

ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசருக்கு ‘நைட்லி’ என்று ஒரு சோதனைப் பதிப்பு உண்டு. பெயருக்கேற்றபடி தினமும் புதிதாக வரும். கடிதம், கணக்கு போன்ற ஆபீஸ் வேலைகளுக்கான லிப்ரெஆஃபிஸ் ஆண்டுக்கு இரண்டு முறை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும், பெரிய வெளியீடு செய்கிறது. அதற்கு முன்பு பீட்டா என்கிற முன்னோட்டப் பதிப்பை இறக்கிப் பார்க்கச் சொல்லி ஊரையெல்லாம் கூப்பிடுவார்கள். எழுதியவர்களே சோதித்துக்கொண்டால் என்ன என்று தோன்றும். அவர்களிடம் இருப்பது அவர்களுடைய கம்ப்யூட்டர், அவர்களுடைய பிரிண்டர், அவர்களுடைய மொழி. உங்கள் மகளிடம் இருப்பது வேறு.

2024 மார்ச்சில் நடந்தது ஒன்று. ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் டெவலப்பர், டெபியன் லினக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தின் (ஓஎஸ்) சோதனை நிலையில் இருந்த பதிப்பில் வேறு ஏதோ வேலை பார்த்துக்கொண்டிருந்தார். வேறொரு கம்ப்யூட்டருக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக லாகின் ஆவதற்கு வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆனது. நாமாக இருந்தால் நெட் ஸ்லோ என்று விட்டிருப்போம். அவர் தோண்டினார். ஃபைல்களைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற சின்ன மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளுக்குள் யாரோ திட்டமிட்டு, திருட்டுத்தனமாக உள்ளே நுழைய ஒரு பின்வாசல் வைத்திருந்தது தெரியவந்தது. அது நிலையான பதிப்புகளுக்குப் பரவுவதற்குள் பிடிபட்டதற்குக் காரணம், சோதனைப் பதிப்பை ஒரு மனிதர் கண்ணைத் திறந்துகொண்டு பயன்படுத்தியதுதான். எல்லாருக்கும் இப்படி ஒன்று சிக்காது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பிழைகள் ‘இந்தப் பட்டனை அமுக்கினால் ஒன்றும் நடக்கவில்லை’ ரகம்தான்.

அந்த ரகத்தில்தான் படிப்பு இருக்கிறது. என்னிடம் வந்த ஒரு மாணவன் தன் முதல் பக் ரிப்போர்ட்டை, அதாவது பிழையைச் சொல்லும் அறிக்கையை, காட்டினான். ‘தேடல் சரியாக வேலை செய்யவில்லை, தயவுசெய்து சரிசெய்யவும்.’ அவ்வளவுதான். இரண்டு நாளில் பதில் வந்தது: எந்தப் பதிப்பு? எந்த ஓஎஸ்? எதைத் தேடினீர்கள்? அவனுக்குக் கோபம். ‘கண்ணுக்கு எதிரே தெரியுது சார், அவங்களுக்கு என்ன கேடு?’ என்றான். அவன் கண்ணுக்குத் தெரிகிறது, அவர்கள் கண்ணுக்கு?

மறுபடி உட்கார்ந்தான். பக்கத்தில் ‘கொடி’ என்ற சொல் இரண்டு இடத்தில் இருக்கிறது. தேடினால் ஒன்றுதான் கிடைக்கிறது. ஏன்? ஒரு மாலை முழுக்கக் குடைந்து கண்டுபிடித்தான். கம்ப்யூட்டர் எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யூனிகோடில் ‘கொ’வை இரண்டு விதமாக எழுதலாம்: ஒகரக் குறியை ஒரே குறியாகப் போடலாம், அல்லது கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்க்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். அந்த மென்பொருளுக்கு மட்டும் வேறு வேறு சொல். இந்த முறை ரிப்போர்ட்டில் இணைப்பாக ஒரு சின்ன ஃபைல், செய்ய வேண்டிய நாலு படிகள், எதிர்பார்த்தது இரண்டு, வந்தது ஒன்று, பதிப்பு எண், ஓஎஸ். தமிழ் தெரியாத டெவலப்பருக்கு ஏழு ஜென்மத்திலும் தோன்றாத பிழை இது. எனக்கே அன்றுதான் தெரியும்.

தனக்குப் பட்டதை, முகம் தெரியாத ஒருவர் அப்படியே செய்து பார்க்கும்படி எழுதுவது. எந்தச் சர்ட்டிஃபிகேட் வகுப்பிலும் இதற்குப் பயிற்சி கிடைத்து நான் பார்த்ததில்லை. வேலைக்குப் போனபின் டெவலப்பராக இருந்தாலும் சப்போர்ட்டில் இருந்தாலும் தினமும் இதுதான் வேண்டும்.

கோடிங் தெரியாமல் என்ன செய்துவிட முடியும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். லிப்ரெஆஃபிஸில் புதிதாக வரும் ரிப்போர்ட் ‘உறுதியாகாதது’ என்ற நிலையில் கிடக்கும். வேறொருவர் தன் கம்ப்யூட்டரில் செய்து பார்த்து ‘ஆமாம், எனக்கும் வருகிறது’ என்றால்தான் அது நகரும். ஆரம்பிக்க இதைவிட நல்ல இடம் இல்லை; நல்ல ரிப்போர்ட் எது, மோசமானது எது என்று ஒரு வாரத்தில் கை பழகிவிடும். அடுத்து, பிழை எந்த நாள் பதிப்பில் நுழைந்தது என்று தேடலாம். ஃபயர்ஃபாக்ஸுக்கு மோஸ்ரிக்ரெஷன் என்று ஒரு கருவி இருக்கிறது. நடுவில் உள்ள பதிப்பைத் திறந்து காட்டி ‘நல்லதா, கெட்டதா’ என்று கேட்கும். பதிலைப் பொறுத்துப் பாதியைக் கழிக்கும். ஆயிரம் பதிப்புகள் இருந்தாலும் சுமார் பத்தே கேள்வியில் ஆளைப் பிடித்துவிடலாம். வகுப்பில் பைனரி சர்ச் என்று மனப்பாடம் செய்தார்களே, அதேதான்.

இதனால் வேலை கிடைத்துவிடுமா? இதை மட்டும் வைத்து, கிடைக்காது. டெஸ்டிங் வேலைகளில் பெரும்பாலும் ஆட்டோமேஷன், அதாவது சோதனையை நிரலே தானாகச் செய்யவைப்பது, கேட்கிறார்கள். அதனால் ஆறு மாதத்துக்குள் அவள் அதற்கான செலினியம் மாதிரி கருவி ஒன்றைத் தொட்டாக வேண்டும். அதுவும் ஓப்பன் சோர்ஸ்தான். நீங்கள் சொல்கிற கோடிங் அந்த இடத்தில் தானாக வந்து சேரும். ஆனால் ரெஸ்யூமேயில் ‘டெஸ்டிங் தெரியும்’ என்று எழுதுகிறவருக்கும், தேதியோடு யாரும் திறந்து பார்க்கக்கூடிய இருபது ரிப்போர்ட்டின் லிங்க் கொடுக்கிறவருக்கும் இன்டர்வியூவில் வித்தியாசம் தெரியும். ‘இதில் எது உங்களுக்கு ரொம்பத் தண்ணி காட்டியது?’ என்று கேட்டால் பேச அவளிடம் கதை இருக்கும்.

சில கட்டுப்பாடுகள் போடுங்கள். பரீட்சைக்கு உதவும் லேப்டாப்பில் நேரடியாகச் சோதனைப் பதிப்பு வேண்டாம். விர்ச்சுவல் மெஷினில், அதாவது கம்ப்யூட்டருக்குள்ளேயே தனியாக ஓடும் இன்னொரு கம்ப்யூட்டரில், ஓட்டட்டும், குறைந்தபட்சம் பேக்கப் எடுக்கட்டும். இதற்கென்று தனி ஈமெயில். ரிப்போர்ட்டோடு இணைக்கும் ஃபைல் உலகத்துக்கே தெரியும், ஆகவே வீட்டு பேங்க் ஸ்டேட்மென்ட்டை மாதிரிக்கு அனுப்பிவிடப் போகிறாள், ஜாக்கிரதை. பாதுகாப்புக் குறை என்று சந்தேகம் வந்தால் பொதுவில் எழுதக் கூடாது. அதற்கு ஒவ்வொரு திட்டத்திலும் தனி வழி சொல்லியிருப்பார்கள். ‘ஏற்கெனவே ஒருவர் சொல்லிவிட்டார்’ என்று அவள் ரிப்போர்ட்டை மூடினால் முகம் வாடும். முதல் மாதம் எல்லாருக்கும் அதுதான்.

வாரத்துக்கு நாலு மணி நேரம், பகலில், ஒரே ஒரு மென்பொருள், மூன்று மாதம். அதுவரை விடுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்று மட்டும் செய்யுங்கள்: அவள் எழுதிய ரிப்போர்ட் ஒன்றைத் தமிழில் சொல்லச் சொல்லி, அதில் உள்ள படிகளை நீங்களே வரிசையாகச் செய்து பாருங்கள். மூன்றாவது படியில் உங்களுக்குப் புரியாமல் நின்றால், ‘இங்கே நிற்கிறேன்டி, அடுத்து எதை அமுக்கணும்னு நீ எழுதவே இல்லையே’ என்று சொல்லுங்கள்.